வேலைக்குறைப்பில் வயசு பார்ப்பார்களா? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 19 வருடம் இருந்தேன். ஆட்குறைப்புப் பேச்சுவார்த்தையில் ஊழியர்கள் பக்கம் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது முறை பட்டியலில் என் பெயரும் இருந்தது. அப்போது எனக்கு 53. இது ஊருக்குத் தெரிந்ததிலிருந்து, லெனேசியா கோயிலில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், மிட்ராண்டில் பிறந்தநாள் விருந்தில், டர்பனில் கல்யாண வீட்டு வாசலில் என்று எங்கே போனாலும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு இதையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் கையில் கடிதம் வந்துவிட்டது என்றால் இதைப் படித்த கையோடு ஒரு தொழிலாளர் வக்கீலையோ யூனியனையோ பாருங்கள்.

அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. வயசைப் பார்த்து ஆளை எடுக்கிறாங்களா இல்லையா?

எடுக்கிறார்கள். ஆனால் வயது என்ற சொல் எந்தத் தாளிலும் இருக்காது. "சம்பளச் செலவு" என்று இருக்கும், "டிஜிட்டல் திறன்" என்று இருக்கும், "எதிர்காலத்துக்குப் பொருத்தம்" என்று இருக்கும். ஆளைப் பார்த்துவிட்டு அளவுகோலைச் செய்கிற வேலை அது.

அதற்காக எல்லா ஆட்குறைப்பையும் வயதுக் கணக்கில் எழுதிவிட முடியாது. 2019-ல் ஸ்டாண்டர்ட் பாங்க் 91 கிளைகளை மூடுவதாக அறிவித்தபோது சுமார் 1,200 வேலைகள் அடிபட்டன. கிளையே இல்லை என்றால் கவுண்ட்டரில் இருப்பவர் 27 வயதானாலும் 57 வயதானாலும் ஒன்றுதான். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து டர்பன் ஆடைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீட்டுக்கு வீடு ஒரு அம்மா வேலை இழந்தார். அங்கே காரணம் வயது இல்லை. அடுத்த வேலை தேடும்போதுதான் வயது வந்து குறுக்கே நின்றது. என்னிடம் கேட்கிற பலருடைய கதையும் இப்படித்தான்: வேலை போனதற்குக் காரணம் ஒன்று, திரும்பக் கிடைக்காததற்குக் காரணம் வேறு.

இங்க சட்டம் இதைப் பத்தி ஏதாவது சொல்லுதா, இல்ல கம்பெனி வெச்சதுதான் சட்டமா?

சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 1996 அரசியல் சாசனத்தின் 9-ஆம் பிரிவு, இனம், பால், மதம் வரிசையில் வயதையும் வைத்துப் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 6-ஆம் பிரிவின் பட்டியலிலும் வயது உண்டு. 1995-ன் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் 187-ஆம் பிரிவு இன்னும் கறார்: வயதைக் காரணமாக வைத்து வேலையைவிட்டு நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற நீக்கம். சாதாரணமாக நியாயமற்றது என்று தீர்ப்பானால் 12 மாதச் சம்பளம் வரைதான் இழப்பீடு. இந்த வகையில் 24 மாதம் வரை போகும்.

வயதுக்கென்றே ஒரு விலக்கு உண்டு. வழக்கமான ஓய்வு வயதையோ ஒப்பந்தத்தில் பேசிய ஓய்வு வயதையோ எட்டியவரை வயது காரணமாக நிறுத்தலாம். எல்லாச் சண்டையும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவுல 40 தாண்டினவனைத் தூக்கவே முடியாதுன்னு என் மச்சான் சொல்றான். இங்கயும் அப்படித்தானே?

மச்சான் சொன்னது அங்கேயும் சரியில்லை, இங்கேயும் சரியில்லை. அமெரிக்காவின் 1967 சட்டம் 40-ம் அதற்கு மேலும் உள்ளவர்களை வயதுக்காக நீக்கக் கூடாது என்கிறது. வேறு காரணத்துக்காக நீக்கத் தடையில்லை. ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கூட்டமாக ஆட்குறைப்பு செய்து, வழக்கு போடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவதானால், 1990-ல் வந்த திருத்தத்தின்படி 40 தாண்டியவர்களுக்கு யோசிக்க 45 நாள், போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற 7 நாள் தர வேண்டும். யார் யார் தேர்வானார்கள், யார் யார் தப்பினார்கள் என்று பதவியும் வயதுமாக ஒரு பட்டியலும் கொடுக்க வேண்டும். பெயர் இருக்காது, வயது இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். ஐ.பி.எம். நிறுவனம் 2013 முதல் 2018 வரை வயது பார்த்து ஆள் குறைத்ததாக அந்நாட்டுச் சமவாய்ப்பு ஆணையம் 2020-ல் முடிவுக்கு வந்தது. மூத்த ஊழியர்களை மேலதிகாரிகள் மின்னஞ்சலில் "டைனோ பேபி" என்று குறிப்பிட்டது 2022-ல் நீதிமன்றத் தாள்கள் வழியாக வெளியே வந்தது.

தென்னாப்பிரிக்காவில் 40 என்ற கோடு கிடையாது. 26 வயதுக்காரரும் "சின்னப் பையன், பிள்ளைகுட்டி இல்லை, எங்கேயாவது பிழைத்துக்கொள்வான்" என்று கழிக்கப்பட்டால் அதுவும் வயதுப் பாகுபாடுதான். வயதுப் பட்டியல் தானாகக் கைக்கு வராது. நாம் கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்-எய்ட்டி-நைன் லெட்டர் வந்திருக்கு. வேலை போயிடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. சட்டப்படி அது பேச வரச்சொல்லும் அழைப்பு. தொழிலாளர் உறவுச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி, ஆட்குறைப்பு செய்யலாமா என்று யோசிக்கும்போதே நிறுவனம் எழுத்தில் தெரிவித்துக் கலந்து பேச வேண்டும். ஏன் குறைக்கிறோம், வேறு வழி என்ன பார்த்தோம், எத்தனை பேர், எந்த அளவுகோலில் தேர்வு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பெரிய எண்ணிக்கையில் குறைப்பதானால் 189ஏ பிரிவு வரும். அப்போது கடிதம் வந்த நாளிலிருந்து 60 நாள் ஆகாமல் பணிநீக்க நோட்டீஸ் தர முடியாது, நிறுவனமோ ஊழியர்களோ கேட்டால் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச ஆணையம் நடுவில் ஒருவரை அனுப்பும்.

நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு, இந்தக் கூட்டங்களில் வாயே திறக்காமல் இருப்பது. "பேசினா கண்ணுல பட்டுடுவோம்" என்று பயம். நான் முதல் தடவை உட்கார்ந்தபோது 31 பேர் இருந்த அறையில் பேசியது இரண்டு பேர். அளவுகோல் அந்த அறையில்தான் முடிவாகிறது. முடிவான பிறகு வயதைப் பற்றிப் பேசுவது, பஸ் போன பிறகு கை காட்டுவது போலத்தான்.

லைஃபோன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது பழைய ஆளுக்கு நல்லதுதானே?

கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே போவது லைஃபோ. இந்த நாட்டில் நியாயமான அளவுகோல் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வந்தது இதைத்தான். 25 வருடம் இருப்பவருக்கு இது கவசம். "பம்ப்பிங்" என்ற வழியும் இருக்கிறது: உங்கள் பதவி போனாலும், நீங்கள் செய்யக்கூடிய இன்னொரு வேலையில் உங்களைவிடப் புதியவர் இருந்தால் அவரை நகர்த்தி உங்களை வைப்பது. அதை நிறுவனம் யோசித்ததா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

ஆனால் லைஃபோ பார்ப்பது சேவையை, வயதை இல்லை. 50 வயதில் புது வேலைக்கு மாறி இரண்டு வருடமே ஆனவர் முதல் வரிசையில் போய்விடுவார். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நடுவயதில் வந்து சேர்ந்த பலரின் நிலை இதுதான். அதை வயதுப் பாகுபாடு என்று சொல்லிப் பயனில்லை.

லைஃபோ வேணாம்னு சொல்லி மார்க் போடறாங்க. எனக்கு 100-க்கு 46. இதுல வயசு எங்க ஒளிஞ்சிருக்கும்?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் விஷயத்தில் வந்த தாள் இப்படி இருந்தது: தகுதிப் படிப்பு 20, வேலைத்திறன் 25, சென்ற ஆண்டின் மதிப்பீடு 15, "மாற்றத்தை ஏற்கும் மனப்பாங்கும் எதிர்காலத் திறனும்" 40. முதல் மூன்றுக்கும் கோப்பில் ஆதாரம் இருக்கிறது. நான்காவதுக்கு ஆதாரம் மேலாளரின் மனசு. 20 வருடம் இருந்தவர்கள் முதல் மூன்றில் 60-க்கு 50 வாங்கியிருந்தார்கள். நான்காவதில் 40-க்கு 8, 10, 9. மூன்று வருடம் முன்பு சேர்ந்தவர்களுக்கு அதே இடத்தில் 30-க்கு மேல். எக்ஸெல் கோப்பாகவே அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் ஈ வரிசைக்குப் பிறகு நேராக ஜி வரிசை. நடுவில் எஃப் மறைக்கப்பட்டிருந்தது. எலியை வைத்து இழுத்துத் திறந்தேன். பிறந்த தேதி.

அந்த வரிசை இருந்ததே குற்றம் என்று சொல்ல முடியாது. சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்தால் பிறந்த தேதியும் கூடவே வரும், நானே நூறு முறை அப்படி எடுத்திருக்கிறேன். ஆனால் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது: "நான்காவது தலைப்புக்கு எதை வைத்து மதிப்பெண் போட்டீர்கள்? எழுத்தில் தாருங்கள்." 189-ஆம் பிரிவு, தேர்வு அளவுகோல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நியாயமானதாகவும் புறவயமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. மனப்பாங்குக்கு 40 மார்க் போட்டுவிட்டு அதைப் புறவயம் என்று சாதிப்பது சுலபமில்லை. தேவையான தகவலைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. தகவல் தேவையற்றது என்று அவர்கள் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

கேட்டதற்குப் பிறகு அந்த 40, 15 ஆனது. சில பேர் தப்பினார்கள். நான் தப்பவில்லை, என் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

"உங்க சம்பளத்துக்கு ரெண்டு பேரை எடுக்கலாம்"னு மேனேஜர் முகத்துக்கு நேரா சொன்னார். அது வயசைச் சொன்ன மாதிரிதானே?

அப்படி எனக்கும் தோன்றும், ஆனால் சட்டத்தில் இரண்டும் ஒன்றில்லை. சம்பளம் வயதோடு ஏறுகிறது என்பதாலேயே சம்பளத்தைப் பார்ப்பது வயதைப் பார்ப்பதாகிவிடாது. செலவு குறைப்பு என்பது ஆட்குறைப்புக்கு ஏற்கத்தக்க காரணம். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இருக்கத் தயாரா என்று உங்களிடம் கேட்டார்களா என்பதுதான் இங்கே கேள்வி. மாற்று வழியைத் தேடுவது 189-ன் கட்டாயம். கேட்காமலே உங்களை மட்டும் அனுப்பி, இளைஞருக்கு அதே சம்பளம் கொடுத்தால் "செலவு" என்ற காரணம் கரைந்துபோகும். மேலாளர் சொன்னதைத் தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்பதோடு அன்றே எழுதிவையுங்கள்.

ஐயா, ரிடையர்மென்ட் வயசு இங்க 60-ஆ 65-ஆ? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

தனியார் வேலைக்கு நாடு முழுவதற்கும் ஒரே ஓய்வு வயது என்று சட்டத்தில் எதுவும் இல்லை. சாசா என்ற அரசு சமூகநல அமைப்பு வழியாக வரும் முதியோர் உதவித்தொகைக்கு 60. அது வேறு விஷயம். வேலையில் ஓய்வு வயது என்ன என்பதை முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். அங்கே எண் இருந்தால் அதுதான். இல்லையென்றால், அந்த நிறுவனத்தில் உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் வழக்கமாக எந்த வயதில் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஓய்வூதிய நிதியின் விதிப்புத்தகத்தில் உள்ள வயது தானாக வேலை ஒப்பந்தத்தின் வயதாகிவிடாது. பலர் இதில் குழம்புகிறார்கள்.

நிறுவனம் தன்னிச்சையாக இன்று முதல் 60 என்று அறிவிக்க முடியாது. 2004-ல் ஓர் ஆடை நிறுவன வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஊழியர் ஒப்புக்கொள்ளாமல் நிறுவனம் தானே வைத்த வயது ஓய்வு வயதாகாது, அதை வைத்து அனுப்பியது தானாகவே நியாயமற்ற நீக்கம்.

எனக்கு 58. "இன்னும் ரெண்டு வருஷம்தானே, இளைஞருக்கு வழி விடுங்க"ன்னு ஹெச்ஆர் அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க.

சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது வயதைக் காரணம் காட்டியதுதான். மேலே சொன்ன விலக்கு ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு மட்டும்; நெருங்குகிறவர்களுக்கு இல்லை. 60 என்று ஒப்பந்தம் இருக்கும்போது 58-ல் அந்தக் காரணத்துக்காக அனுப்பினால் 187-ஆம் பிரிவு நேரடியாக வரும். முன்கூட்டிய ஓய்வை விருப்பத் திட்டமாக முன்வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கும் உண்டு.

அதே நாளில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மரியாதையாக: "இன்று நீங்கள் என் வயதைக் குறிப்பிட்டு முன்னதாக ஓய்வு பெறச் சொன்னீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை." அவ்வளவுதான். பதில் வராவிட்டாலும் அது இருக்கும்.

நான் 60 தாண்டி ரெண்டு வருஷமா வேலை பார்க்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்லல. இப்ப திடீர்னு வயசைக் காட்டி அனுப்ப முடியுமா?

இது சிக்கலான இடம். ஓய்வு வயதைத் தாண்டியும் வைத்திருந்துவிட்டுப் பிறகு வயதைச் சொல்லி நிறுத்தலாமா என்ற கேள்வி அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் நீதிபதிகள் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களும், 60-க்குப் பிறகு உங்களுக்கு என்ன எழுதித் தந்தார்கள் என்பதும்தான் முடிவு செய்யும். 60-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் அது சட்டத்துக்கு உட்பட்டதே. எதுவும் எழுதாமல் ஓடுகிறது என்றால், இப்போதே ஒரு புதிய தேதியை எழுத்தில் கேளுங்கள்.

வாலண்டரி பேக்கேஜ் குடுக்கிறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து போடணுமாம். போடலாமா?

வெள்ளிக்கிழமை அவர்களுடைய நாள். அமெரிக்காவில் இருப்பதாக மேலே சொன்ன 45 நாள் இங்கே இல்லை; ஆனாலும் வக்கீலைப் பார்க்க ஒரு வாரம் கேட்டு எழுதினால் பெரும்பாலும் தருகிறார்கள். கையெழுத்துப் போட்டால் அது பரஸ்பர ஒப்பந்தம், பணிநீக்கம் இல்லை. "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரி அதில் இருக்கும். பிறகு சி.சி.எம்.ஏ.வுக்குப் போனால், நீக்கமே நடக்கவில்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேக்கேஜ் கெட்டது என்று சொல்லவில்லை. சட்டக் குறைந்தபட்சத்தைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கிடைத்தால் பலருக்கு அது நல்ல பேரம். பயத்தில் போடாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துப் போடுங்கள்.

சட்டப்படி எவ்வளவு கிடைக்கும்? டாக்ஸ் போனா என்ன மிஞ்சும்?

குறைந்தபட்சம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம். 1997-ன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 41-ஆம் பிரிவு. மாதம் 40,000 ராண்ட், 24 வருட சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தை 4.333-ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 9,231. 24 வாரத்துக்கு ஏறக்குறைய 2,21,500 ராண்ட். இது தவிர, ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு நான்கு வார நோட்டீஸ், எடுக்காத விடுப்புக்குப் பணம். நியாயமான மாற்று வேலையைக் காரணமில்லாமல் மறுத்தால் வருடத்துக்கு ஒரு வாரம் என்ற இந்தப் பணம் கிடைக்காது, கோபத்தில் மறுத்துவிடாதீர்கள்.

2023 மார்ச்சில் வந்த வரி அட்டவணைப்படி, ஆட்குறைப்புக்காகத் தரும் பணத்தில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. ஆனால் இது ஆயுளுக்கு ஒருமுறை. பத்து வருடம் முன்பு ஒரு பேக்கேஜ் வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். நாளை ஓய்வு பெறும்போது எடுக்கும் மொத்தத் தொகையும் இதே பானையிலிருந்துதான் கழியும். நோட்டீஸ் பணம், விடுப்புப் பணம் இரண்டுக்கும் வழக்கமான வருமான வரி.

ஓய்வு நிதியைப் பொறுத்தவரை, 2024 செப்டம்பர் 1-ல் வந்த இரு பானை முறைக்குப் பிறகு புதிதாகச் சேர்வதில் மூன்றில் இரண்டு பங்கை ஓய்வு வரை தொட முடியாது, வேலை போனாலும் கூட. அதற்கு முன் சேர்ந்ததை எடுக்கலாம். எடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன், எடுங்கள் என்று சொல்லவில்லை. 52 வயதில் அதை எடுத்து பேக்கி (பின்னால் சாமான் ஏற்றும் வண்டி) வாங்கியவர்களையும், கடை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பேக்கியின் விலை ஒரே வருடத்தில் இறங்கிவிட்டது.

யூ.ஐ.எஃப். கிடைக்குமா?

வேலையின்மைக் காப்பீட்டு நிதியைத்தான் கேட்கிறார். நீக்கப்பட்டால் கிடைக்கும், ராஜினாமா செய்தால் கிடைக்காது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு மாதம் 17,712 ராண்ட் என்று 2021-ல் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வரம்பில் நீங்கள் லட்சம் வாங்கினாலும் கையில் வருவது மாதம் 6,730 ராண்ட் அளவில்தான். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்காக நிறுவனம் நிரப்பித் தரும் யூ.ஐ.-19 படிவத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியே வருமுன் பாருங்கள். "ராஜினாமா" என்று ஒரு குமாஸ்தா தவறாகப் போட்டுவிட்டால் நீங்கள்தான் அலைய வேண்டும்.

வயசுக்காகத்தான் தூக்கினாங்கன்னு எனக்கு நிச்சயமா தெரியும். எப்படி நிரூபிக்கிறது?

முழுதாக நிரூபிக்க வேண்டியதில்லை. வயதுதான் காரணமாக இருக்கலாம் என்று நம்பும்படி ஆதாரம் வைத்தால் போதும்; அதன்பின் வேறு காரணம் இருந்தது என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பு. என்ன ஆதாரம்? போனவர்கள், இருந்தவர்கள் வயது வாரியாக ஒரு கைப்பட்டியல். மதிப்பெண் தாள். மூன்று வருட மதிப்பீட்டு அறிக்கைகள்: நேற்று வரை நான்கு நட்சத்திரம், கடிதம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு திடீரென இரண்டு என்றால் அது பேசும். மேலே சொன்ன மின்னஞ்சல்கள். இவற்றை வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்திருக்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு உங்கள் பாஸ்வேர்ட் செத்துவிடும். வாடிக்கையாளர் விவரமோ நிறுவன ரகசியமோ எடுக்காதீர்கள், அதை வைத்தே உங்களை மடக்குவார்கள்.

நீக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ.வுக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே படிவம் நிரப்பலாம். சமரசம் ஆகவில்லை என்றால் வயதுப் பாகுபாட்டு வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு 90 நாள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாதம்தான் வருகிறார்கள். ஒரு மாதம் ஜோசியரிடம் போயிருக்கிறது.

என்னை அனுப்பிட்டு மூணு மாசத்துல 28 வயசுப் பொண்ணை அதே சீட்ல உக்கார வெச்சுட்டாங்க. இப்ப என்ன செய்ய?

இது பலமான ஆதாரம். பதவியே இல்லை என்று சொன்னவர்கள் அதே பதவிக்கு ஆள் எடுத்தால் பதவி ஒழிந்தது என்ற காரணம் நிற்காது. விளம்பரம் வந்திருந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பெயரை மாற்றி "அனலிஸ்ட்" என்று போட்டிருக்கலாம். வேலை விவரத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டது என்றாலும், தாமதத்துக்கு நல்ல காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். அப்போதுதான் தெரிந்தது என்பது நல்ல காரணம்தான். அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

நான் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவுல இருக்கேன். எனக்கு இந்த உரிமையெல்லாம் உண்டா?

உண்டு. விசா இல்லாமல் வேலை செய்தவருக்கும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2008-லேயே தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் விசாவில் நிறுவனத்தின் பெயர் அச்சடித்திருந்தால் வேலை போனதும் விசாவின் காலும் ஆடும். கடைசி நாள் எது என்பதைப் பேரம் பேசுங்கள். மூன்று மாதச் சம்பளத்தை மொத்தமாக வாங்குவதைவிட, மூன்று மாதம் சம்பளப் பட்டியலில் இருப்பது உங்களுக்கு அதிக மதிப்பு.

ஊர்ல இத்தனை பசங்க வேலையில்லாம நிக்கிறாங்க. வயசானவங்க ஒதுங்கினா தப்பா அங்கிள்?

டர்பனில் ஒரு கல்லூரிப் பெண் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான். 2025 முதல் காலாண்டில் நாட்டின் வேலையின்மை 32.9 சதவீதம், 15 முதல் 34 வயதினரிடையே 46.1 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, என் நாற்காலிதான் முக்கியம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வீடுகளைப் பாருங்கள். ஃபீனிக்ஸில் வேலையில்லாத பையன் சாப்பிடுவது அப்பாவின் சம்பளத்தில். அந்த அப்பாவுக்கு 54 வயது. அவரை அனுப்பி இவனை எடுத்தால் வீட்டுக்கு வரும் சம்பளம் பாதியாகக் குறையும். சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 2014 ஜனவரியிலிருந்து, 18 முதல் 29 வயதினரைக் குறைந்த சம்பளத்தில் எடுக்கும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை உண்டு. சலுகைக்காகப் பழைய ஆளை நீக்கி அந்த இடத்தில் இளைஞரை வைத்தால் ஆளுக்கு 30,000 ராண்ட் அபராதம்.

வேலை தேடறேன். சி.வி.யில வயசு போடாம இருக்கலாமா?

போட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அடையாள எண்ணைப் போட்டால் எல்லாம் போச்சு. தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம், முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 710914 என்று தொடங்கினால் 1971 செப்டம்பர் 14. பார்க்கிறவர் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவார். "எண் நேர்முகத்தில் தரப்படும்" என்று எழுதுங்கள். 1989 பள்ளி இறுதி, 1992 பட்டம் என்று வருடம் போடுவதும் அதே காட்டிக்கொடுப்புதான். விண்ணப்பதாரருக்கும் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் கூப்பிடவே இல்லை என்பதை வைத்து வழக்கு நடத்துவது கடினம்.

நானே டீம் லீடர். எட்டுப் பேர்ல மூணு பேரைக் குறிக்கச் சொல்றாங்க. என்ன பண்ண?

பெயர் எழுதும் முன் அளவுகோலை எழுத்தில் கேளுங்கள். குறித்த பிறகு வயதுகளைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூவரும் 50-க்கு மேல் என்றால் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் பாருங்கள். நாளைக்கு சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது இயக்குநர் இல்லை, நீங்கள்.

நீங்க வழக்கு போட்டீங்களா?

இல்லை. அந்த வருடம் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கட்டணம், வீட்டுக் கடன் ஆறு வருடம் பாக்கி. வருடத்துக்கு இரண்டு வாரம் வீதம் தந்தார்கள், வாங்கிக்கொண்டேன். என் மனைவிக்கு அதில் இன்றும் வருத்தம். அந்த எக்ஸெல் கோப்பு ஒரு பென்டிரைவில் பூஜை அறை அலமாரியில் இருக்கிறது. இப்போது ஃபோர்ட்ஸ்பர்க்கில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்று முதலாளிகளுக்கும் என்னைவிட வயது அதிகம்.